கடைசி இரண்டரை மாதச் சம்பளம்

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்குள்ளாகவே பஸ் ஸ்டாண்டில் பூக்காவடிகள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. ஷோபனா தான் வேலை செய்யும் மருந்துக்கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து பஜார் தெருவுக்கு வந்தாள். பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் கோமளவல்லியின் அலுவலகம். கீழே படிக்கட்டருகில் சடகோபன் காத்திருந்தார். அவளுடைய கணவனின் அண்ணன்; அவளுக்குப் 'பாவா'. அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருப்பவர். தம்பி போனதிலிருந்து தாலுகா ஆபீஸ், பேங்க், போலீஸ் ஸ்டேஷன் என்று எல்லா இடத்துக்கும் அவர்தான் அவளுடன் வந்துகொண்டிருந்தார்.

சூர்யபிரகாஷ் இறந்து அது ஆறாவது மாதம்.

கோமளவல்லி ஊரில் பாதி வாத்தியார்களுக்கும் வியாபாரிகளுக்கும் வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பவள். சூர்யபிரகாஷும் ஒவ்வொரு ஜூலையிலும் அவளிடம்தான் வருவான். ஷோபனா நீட்டிய இறப்புச் சான்றிதழை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கவிழ்த்து வைத்தாள்.

"போன வருஷம் இதே நாற்காலிலதான் உக்காந்துகினு இருந்தாரு. டீ வாங்கியாறேன்னு சொல்லிட்டு எனக்கு பஜ்ஜியும் வாங்கியாந்தாரு" என்றாள்.

ஷோபனா தலையை ஆட்டினாள்.

கோமளவல்லி கம்பெனி கொடுத்திருந்த வரிச் சான்றிதழைப் பிரித்தாள். அரக்கோணம் பக்கத்தில் இருந்த பழைய தொழிற்சாலை கொடுத்தது. பன்னிரண்டு வருஷம் அவன் அங்கே இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தான்.

"இது நவம்பரோட முடியுதேம்மா. அப்புறம்?"

"அப்புறம் வேலைக்குப் போகல" என்றாள் ஷோபனா.

சடகோபன் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படின்னா இவ்ளோ நாள் புடிச்ச வரி பூரா திரும்பி வந்துரும். எட்டு மாசச் சம்பளத்துக்கு வரியே இல்ல. பதினேழாயிரத்துக்கு மேல ரீஃபண்டு வரும். இறந்தவருக்கு வாரிசா நீதான் கணக்கு குடுக்கறேன்னு மொதல்ல வரித்துறை தளத்துல பதியணும். அது ஓகே ஆனதும் கூப்புடறேன்."

படியிறங்கும்போது சடகோபன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீ சொன்னது சரிதாம்மா. அந்தப் புதுக் கம்பெனியக் காட்டினா வர்றதுல எதுனா கொக்கி போடுவாங்கன்னு எனக்கும் தோணிச்சு. எதுக்குச் சொல்லிகினு."

அவர் அப்படிப் புரிந்துகொண்டது அவளுக்குப் பெரிய வலியாக இல்லை. அவரைத் திருத்தவும் தெம்பில்லை. "வரேன் பாவா" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்கு நடந்தாள்.

அவள் பணத்துக்காகப் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டாவது வேலையின் பெயரைத் தன் வாயால் சொல்ல அவளால் முடியவில்லை. அவ்வளவுதான்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. சென்னையில் ஒரு மருத்துவமனையில் பார்த்தார்கள். சிகிச்சைக்கு ஆகும் செலவைச் சொன்னார்கள். அன்று ரயிலில் திரும்பும்போது திருவள்ளூர் தாண்டியதும் சூர்யபிரகாஷ் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். எல்லை தாண்டிச் சத்தியவேடு பக்கத்தில் ஒரு புதுத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், சம்பளம் நன்றாக இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்றான். அவள் போகச் சொல்லவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை. டிசம்பரில் சேர்ந்தான். தினமும் போய்வர முடியாத தூரம். அங்கேயே ஒருவரோடு சேர்ந்து அறை எடுத்துத் தங்கிக்கொண்டு சனிக்கிழமைதோறும் பைக்கில் வீட்டுக்கு வருவான். முதல் வாரம் முழுக்க ஷோபனா போனில் அழுதாள். அவன், "பரவால்ல ஷோபா, ஓடுது, பரவால்ல" என்றே சொல்வான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் சென்னை மருத்துவமனையில் அவர்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் குளித்துப் புடவை கட்டித் தயாராக இருந்தாள். இரவு வேலை முடித்து அறைக்குக்கூடப் போகாமல் நேராகக் கிளம்பியவன், நாகலாபுரம் வருவதற்கு முன்பே, சாலையோரம் விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியில் மோதினான். அவளுக்குத் தகவல் சொன்னவர் தெலுங்கில் சொன்னார். அவளுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னாள்.

அதன்பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து எத்தனையோ முறை அழைத்துவிட்டார்கள். கணக்கு முடிக்க வேண்டும், கையெழுத்து வேண்டும், அவருடைய பொருள்கள் இருக்கின்றன என்று. அந்த எண்ணைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

காகிதங்களைக் கொடுத்துவிட்டு வந்த ஐந்தாம் நாள் கோமளவல்லி கூப்பிட்டாள். குரலில் கோபமில்லை. "பாவாவையும் கூட்டிகினு வாம்மா" என்றாள்.

அவர்கள் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். "இன்னொரு கம்பெனி இருக்குது. டிசம்பர்லேர்ந்து சம்பளம் குடுத்ததா அவங்க துறைக்குச் சொல்லியிருக்காங்க. எனக்கு ஏன் சொல்லல?"

ஷோபனா திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

சடகோபன்தான் பேசினார். "ரெண்டரை மாசம்தாம்மா போனான். அதுல ஒரு ரூபா வரி புடிக்கல. அவங்களே புடிக்கலன்னா அதுக்கு வரி இல்லன்னுதானே அர்த்தம்? அதச் சேத்தா மட்டும் இதுல வர்றது எப்படிக் கொறையும்?"

"அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க" என்றாள் கோமளவல்லி. "பழைய கம்பெனி ஏப்ரல்லயே கணக்குப் போட்டுட்டாங்க. இந்த ஆளு வருஷம் பூரா நம்மகிட்டதான் இருப்பாரு, இவ்ளோ சம்பளம் வரும்னு வெச்சி மாசா மாசம் புடிச்சாங்க. அவரு நடுவுல வேலைய விட்டுட்டு வந்துட்டாரு. அத மட்டும் பாத்தா வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்ல. அதான் புடிச்சது பூரா வரும்னு நான் சொன்னது. ஆச்சா?"

"ஆங்" என்றார் சடகோபன்.

"புதுக் கம்பெனியும் அதே மாதிரிதான். டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் நாலு மாசம், இந்த ஆளோட வருமானமே இவ்ளோதான்னு நெனச்சாங்க. முன்னாடி வாங்கின சம்பளத்தப் பத்தி இவரும் சொல்லாம விட்டுட்டாரு போல. சம்பளக்காரங்களுக்குன்னு ஒரு கழிவு உண்டு. அத அவங்களும் குடுத்தாங்க, இவங்களும் குடுத்தாங்க. வரி இல்லாத எல்லையையும் ரெண்டு பேருமே குடுத்தாங்க. அவங்கவங்க கணக்கு சரிதான். ஆனா மனுஷன் ஒருத்தர்தானே. வருஷத்துக்கு ஒரு கழிவு, ஒரு எல்லை, அவ்ளோதான். ரெண்டு சம்பளத்தையும் கூட்டிக் கழிவப் போக்கினா ஏழு லட்சத்தத் தாண்டுது. தாண்டாத வரைக்கும் வரியே இல்ல. இவ்ளோ தாண்டிட்டா, மூணு லட்சத்துக்கு மேல இருக்கற எல்லாத்துக்கும் கணக்கு வந்துரும். இப்ப ரீஃபண்டும் இல்ல. மேல ஆறாயிரத்துச் சொச்சம் நாமதான் கட்டணும்."

சடகோபனின் முகம் சிவந்தது. "செத்துப் போனவன்கிட்டயா கேக்கறாங்க? விட்டுடுங்கம்மா. எவன் வந்து பாக்கப்போறான்?"

"அவங்க பாத்துட்டாங்கண்ணே, அதான் இங்க இருக்குது. அத விட்டுட்டுக் கணக்குப் போட்டா நாளைக்கி நோட்டீசு ஷோபனா பேருக்குத்தான் வரும். அந்தப் பாவத்த நான் கட்டிக்க மாட்டேன்."

"அவன் ஓடி ஓடிச் சம்பாரிச்சது..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் ஷோபனா பேசினாள். "ஆறாயிரமா? கட்டிடறேன்க்கா. பத்தாயிரம்னாலும் கட்டிடறேன். அந்தக் கம்பெனி பேரு மட்டும் அவரு பேரு பக்கத்துல வேணாம். அந்த வேலைக்கி அவரு போகவே இல்லன்னு எழுதிடுங்க."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"அதுல போயிதானே..." என்றாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "எனக்காகத்தான் போனாரு. புள்ள வேணும்னு நான் அழுதேன்னு போனாரு. அங்க அவரு பட்ட கஷ்டத்துக்கு அவங்க குடுத்த காசு எனக்கு எதுக்கு? அதோட கணக்கு எனக்கு எதுக்கு?"

சடகோபன் எழுந்து வராந்தாவுக்குப் போய் அவர்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். அவள் பொய் சொன்னதன் காரணம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கோமளவல்லி எதிர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ஷோபனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமாதானம் சொல்ல முயலவில்லை. அழுகை அடங்கியதும் சொன்னாள்: "கட்டறதா இருந்தாலும் எந்தச் சம்பளத்துக்குன்னு எழுதித்தாம்மா கட்டணும். அவங்க சான்றிதழ் வேணும். மெயில் போட்டேன், வாரிசு நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாதான் குடுப்போம்னு சொல்றாங்க. அவசரமில்ல. நாள் இருக்குது. நீ யோசி."

"நான் போயி வாங்கியாறேன்" என்று வராந்தாவிலிருந்து சடகோபன் சொன்னார்.

"வாரிசுன்னா நான்தானே பாவா" என்றாள் ஷோபனா.

கிருத்திகை முடிந்து கூட்டம் வடிந்த பிறகு அவள் கிளம்பினாள். நகரி போய் அங்கிருந்து வேறு பஸ் மாறினாள். நாகலாபுரம் தாண்டித்தான் அந்த இடம் வரும் என்று அவளுக்குத் தெரியும். எந்த மரம், எந்த வளைவு என்று தெரியாது. சடகோபன் பார்த்திருக்கிறார், அவள் கேட்டதில்லை. நாகலாபுரத்தில் பஸ் நகர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். கண்டக்டர் தோளைத் தொட்டு, "ஏம்மா, ஒண்டிகி பாகலேதா?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று கையை அசைத்தாள். சத்தியவேடு வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

தொழிற்சாலை ஊருக்கு வெளியே இருந்தது. அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் காகிதங்களை வரிசையாக எடுத்து வைத்தாள். அவள் காட்டிய இடத்திலெல்லாம் ஷோபனா கையெழுத்துப் போட்டாள். வரிச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. எழுந்து போய்விடலாம் என்றிருந்தபோது, நீலச் சட்டை போட்ட ஒருவன் துணிப்பையுடன் வேகமாக உள்ளே வந்தான். முப்பது வயது இருக்கும்.

"வதினா" என்று தெலுங்கில் அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டான். "நான் முரளிதரன். புத்தூர். அண்ணன்கூட ரூம்ல இருந்தது நான்தான்."

பையில் சூர்யபிரகாஷின் இரண்டு சட்டைகளும் ஒரு டிபன் பாக்ஸும் இருந்தன. சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தான். அவள் அவற்றைத் தடவிப் பார்த்தாள். சூர்யபிரகாஷின் வாசனை எதுவும் மிச்சமில்லை.

"ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க வதினா. நீங்க ஒரு தரம் வருவீங்கன்னு பாத்துகினே இருந்தேன்."

கேன்டீனில் அந்த நேரத்தில் வேறு யாருமில்லை. சுவருக்கு அப்பால் ஒரே சீராக இரைச்சல் வந்துகொண்டிருந்தது. முரளிதரன் அந்தச் சுவரைக் காட்டினான்.

"கேக்குதா? அது அண்ணன் ஓட வெச்ச மெஷின் லைன். வெளிநாட்டுலேர்ந்து பெட்டி பெட்டியா வந்து எறங்கினுது. மாட்டறதுக்கு வந்தவங்க பாதில போயிட்டாங்க. ஜனவரி பூரா அண்ணன்தான் நின்னாரு. பொங்கலுக்குக்கூட ஒரு நாள்தானே வந்தாரு?"

"ஆமா" என்றாள். அந்தப் பொங்கலன்று அவள் அவனோடு சரியாகப் பேசவில்லை.

"மொதல் தடவ ஓடினப்ப அண்ணனப் பாக்கணுமே வதினா. கையெல்லாம் கிரீஸு. அப்படியே என் கன்னத்தப் புடிச்சிகினாரு. ரூமுக்கு வந்தும் அதே பேச்சு. பன்னெண்டு வருஷம் பழைய மெஷினுக்கு வைத்தியம் பாத்தேண்டா, இன்னிக்கிதான் ஒண்ணப் பொறக்க வெச்சேன்னு சொன்னாரு. ராத்திரி சமைக்கறப்ப பாடுவாரு. நல்லாவே இருக்காது. ஆனா பாடுவாரு."

ஷோபனா டம்ளரைக் கீழே வைத்தாள். "அவரு இங்க சந்தோஷமாவா இருந்தாரு?"

அவள் கேட்ட விதத்தில் முரளிதரன் தயங்கினான். "ரொம்ப" என்றான்.

"என்கிட்ட ஒரு நாளும் சொல்லல. பரவால்ல, ஓடுது, அவ்ளோதான் சொல்லுவாரு."

"தெரியும் வதினா. பக்கத்துலதானே இருப்பேன். நானே கேட்டேன், ஏண்ணா இவ்ளோ நல்லா போவுது, வீட்ல சொல்ல மாட்டேங்கறன்னு. அதுக்கு அண்ணன், நல்லா இருக்குதுன்னு சொன்னா, என்ன விட்டுட்டு அங்க நல்லா இருக்கியான்னு அவ தனியா உக்காந்து அழுவா. கஷ்டமா இருக்குதுன்னு சொன்னா, ஒண்ணும் வேணாம் வந்துருன்னுவா. அதான் ரெண்டும் இல்லாம பரவால்லன்னு சொல்லி வெச்சிருக்கேண்டான்னு சிரிச்சாரு. கொழந்த உண்டானதும் எல்லாத்தையும் சேத்துச் சொல்லிக்கலாம்னாரு."

சுவருக்கு அப்பால் இரைச்சல் நிற்கவே இல்லை. உள்ளே போய்ப் பார்க்கிறீர்களா என்று கேட்டான். வெளியாட்களை விடமாட்டார்கள், ஆனால் மேனேஜரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றான். வேண்டாமென்று தலையசைத்தாள். அவனுடைய மனைவி பெயரைக் கேட்டாள். கல்யாணம் ஆகவில்லை என்றான். "ஆனதும் எல்லாத்தையும் அன்னிக்கன்னிக்கே சொல்லிடு" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு முதலில் வந்தது கோபம். ஆறு மாதமாக அவன் அங்கே நொந்து நொந்து செத்ததாக நினைத்து, தன் வயிற்றில் தானே அடித்துக்கொண்டிருந்தாள். அவனோ கன்னத்தைப் பிடித்துச் சிரித்திருக்கிறான், பாடியிருக்கிறான். அதில் ஒரு சொட்டுக்கூட அவளுக்கு வரவில்லை. அவள் அழாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பான். சொல்லியிருந்தால் அவளும் அழாமல் இருந்திருப்பாள். யார் முதலில் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அவனிடமே கேட்டுச் சண்டை போட வேண்டும்போல இருந்தது. அந்த நினைப்பு வந்த பிறகுதான் அழுகை வந்தது. யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். நாகலாபுரம் வரும்வரை இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். இருபக்கமும் மாந்தோப்பு, செங்கல் சூளை, மேய்கிற ஆடுகள். எந்த இடம் என்று கடைசிவரை தெரியவில்லை. எல்லா இடமும் மற்ற சாலைகளைப் போலத்தான் இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோமளவல்லியிடம் போனாள். சான்றிதழை மேசைமேல் வைத்தாள்.

"சேத்துடுங்கக்கா."

கோமளவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள். "மனசாரச் சொல்றியா?"

"அந்த ரெண்டரை மாசத்த விட்டுட்டா, அவரு நவம்பர்லயே போயிட்டாருன்னு ஆயிடும். அது வேணாம்."

கோமளவல்லி இரண்டாவது கம்பெனியின் பெயரையும் சம்பளத்தையும் தட்டச்சு செய்தாள். திரையில் ரீஃபண்டு என்றிருந்த இடம் காலியாகி, அதற்குக் கீழே செலுத்த வேண்டிய தொகை என்ற இடத்தில் எண் வந்து நின்றது. ஷோபனா மருந்துக்கடைச் சம்பளம் வரும் கணக்கிலிருந்து போனிலேயே கட்டினாள். இறந்தவர் சார்பாகக் கணக்குத் தாக்கல் செய்பவர் என்ற இடத்தில் தன் பெயர் வந்தபோது மட்டும் கோமளவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வட்டி கிட்டி ஒண்ணும் இல்ல" என்றாள் கோமளவல்லி, எதையாவது சொல்ல வேண்டுமே என்பதற்காக. தன் கூலியை வாங்கிக்கொள்ளவில்லை. ஷோபனாவும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் இரண்டு பேருமே அழுதுவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

கீழே இறங்கிப் பாத்திரக்கடை வாசலில் நின்று சடகோபனுக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் தறிகளின் சத்தம்.

"இன்னாம்மா, முடிஞ்சிதா? எவ்ளோ வருமாம்?" அவர் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"வராது பாவா. நாமதான் கட்டணும். கட்டிட்டேன்."

"சரி, வுடு" என்றார். குரலில் வருத்தத்தைவிடக் களைப்புதான் தெரிந்தது. "அவன் காசு அவனுக்கே ஒட்டல."

"பாவா, அங்க அவரு ஒரு லைன் ஓட வெச்சாராம்."

"இன்னாது? கேக்கல."

"புது மெஷினு. பெட்டி பெட்டியா வந்தத அவரே நின்னு மாட்டி ஓட வெச்சாராம். நான் போனப்பகூட ஓடிகினு இருந்துது. ராத்திரில பாட்டுப் பாடிகினு சமைப்பாராம். ரொம்ப சந்தோஷமா இருந்தாராம் பாவா. நமக்குத்தான் தெரியல."

எதிர்முனையில் ஒரு தறி நின்றது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றாக எல்லாம் நின்று, அவர் மூச்சு விடும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. தெருவில் யாரோ அவளை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் சுவரோரமாக நகர்ந்துகொண்டாள்.

"நல்லா கேக்கற மாதிரி இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார் சடகோபன்.

அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.